‘மனம் புண்படுகிறது’ என்று எதிர்ப்பு கிளம்பினால் முதல் பத்து நாள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தெருக்கூத்து ஆர்வலர்

எல்லோருக்கும் வணக்கம். சின்னப் படக்குழுக்கள், நாடகக் குழுக்கள், சிறு பதிப்பகங்கள் கையில் வைத்துக்கொள்ள நான்கு பக்க வழிகாட்டி ஒன்று தயாராகிறது. கருத்துச் சுதந்திரம் பற்றிய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊரில் போஸ்டர் கிழிந்த அன்று சாயங்காலம் யாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பெரிய தயாரிப்பாளருக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. முதல் படம் எடுத்தவருக்கும் முந்நூறு பிரதி அச்சடித்த எழுத்தாளருக்கும் யாரும் இல்லை.

தெளிவாக வேண்டியவை இவை. சென்சார் சான்றிதழ் கையில் இருக்கும்போது கலெக்டரோ கமிஷனரோ படத்தை நிறுத்த முடியுமா? அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் போக வேண்டியது கட்டாயமா, அங்கே போடும் கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? எஃப்ஐஆர் பதிவானால் உடனே கைதா? சமரசமாகி ஒரு காட்சியை எடுத்துவிட்டால் அதற்கு என்ன நடைமுறை? நாவலுக்கும் நாடகத்துக்கும் சென்சாரே கிடையாதே, அங்கே என்ன பாதுகாப்பு? பிரிவு எண்கள் புதிய சட்டங்களின்படி இருந்தால் நல்லது. பழைய 295ஏ (மத உணர்வைப் புண்படுத்துவது), 144 (தடை உத்தரவு) எல்லாம் மாறிவிட்டதால் பலர் குழம்புகிறார்கள்.

பதில் 1: நீதிமன்ற வராண்டா

முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுத்த படத்தை, சட்டம் ஒழுங்கு கெடும் என்ற ஒரே காரணத்துக்காக அரசு நிறுத்தக் கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தெளிவாக இருக்கிறது. நம் ஊர் வழக்கிலிருந்தே தொடங்கலாம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1989 மார்ச் 30 அன்று அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், வன்முறை மிரட்டல் இவற்றுக்குப் பயந்து கருத்தை அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் அதில்தான் வந்தது. மனுவில் முதலில் சொல்ல வேண்டிய தீர்ப்பு இதுதான் (ரங்கராஜன் வழக்கு).

அடுத்தது 2000இல் வந்த சங்கரப்பா வழக்கு. நிபுணர் குழு பார்த்து அனுமதித்த படத்தை அரசு மறுபடி உட்கார்ந்து பரிசீலிக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று அதில் தீர்ப்பானது. மத்திய அரசுக்கு இருந்த அந்த மறுஆய்வு அதிகாரத்தை 2023 திருத்தச் சட்டம் ஏட்டிலிருந்தும் எடுத்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் படம் நிற்கத்தான் செய்கிறது. காரணம் நாள் கணக்கு. 2013இல் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் ஜனவரி 25 அன்று வர வேண்டியது. அதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர்கள் 144 உத்தரவு போட்டார்கள். தனி நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு 29 இரவு தடையை விலக்கினார். 30ஆம் தேதி டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பிப்ரவரி 2 அன்று தலைமைச் செயலகத்தில் முத்தரப்புப் பேச்சு நடந்தது. ஏழு இடங்களில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்டு பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. பதின்மூன்று நாள் தாமதம். நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவருக்கே இந்த நிலை. சிறு படத்துக்குப் பதின்மூன்று நாள் என்றால் ஆயுளே அவ்வளவுதான்.

2025இல் ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் நின்றபோது உச்ச நீதிமன்றம் சரியாகவே பேசியது. சான்றிதழ் பெற்ற படம் வெளியாக வேண்டும், கும்பல் தெருவைக் கைப்பற்ற விடக்கூடாது என்றது. பாதுகாப்பு தருவதாக மாநில அரசும் உறுதி கொடுத்தது. ஆனால் படம் மற்ற ஊர்களில் ஜூன் 5 அன்றே வந்துவிட்டது, அந்த உறுதி பதிவானது ஜூன் 19. பதினைந்தாம் நாள் கிடைக்கும் நீதியை வைத்துத் தியேட்டரை நிரப்ப முடியாது.

அதனால் உங்கள் வழிகாட்டியின் முதல் வரி ‘ரிலீசுக்கு முன்பே கோர்ட்’ என்று இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் அதற்கு முந்தைய வாரமே கோரிக்கை மனு போக வேண்டும். காவல் துறைக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, ‘அவர்களிடம் மனு கொடுத்தீர்களா, எந்தத் தேதி?’ என்பதுதான். மாநகரம் என்றால் கமிஷனர், மாவட்டம் என்றால் எஸ்.பி. நகல் ஆட்சியருக்கு. இணைக்க வேண்டியவை: சான்றிதழின் இரண்டு பாகங்களும், திரையரங்குப் பட்டியல், காட்சி நேரம், மிரட்டல் வந்த பதிவுகள். நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கூடவே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் ரிட். தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை.

மிரட்டல் பதிவை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொண்டு பலனில்லை. பதிவின் முழு முகவரி, தேதி, நேரம் தெரிய வேண்டும், வீடியோவானால் அசல் கோப்பு வேண்டும். பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி (பழைய 65பி) மின்னணு ஆவணத்துக்கான சான்றும் சேர்க்க வேண்டும். அழித்துவிட்டார்கள் என்று பிறகு புலம்புவதுதான் அதிகம் நடக்கிறது.

144 இப்போது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163. இரண்டு மாதம் வரை செல்லும், மாநில அரசு மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். உத்தரவின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அதில் குறிப்பான உண்மைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘எதிர்ப்பு நிலவுவதாகத் தெரியவருகிறது’ என்ற ஒரே வரி போதாது. காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும், மக்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும் என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1955இலும் காட்சியை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்தினார்கள் என்பதை எழுத்தில் கேட்காமல் மனு எழுத ஆரம்பிக்காதீர்கள்.

காகிதமே இல்லாமல் வாய்வார்த்தையாகத் தியேட்டருக்கு போன் போட்டு நிறுத்தினால்? இதுதான் மோசமான வகை. மேற்கு வங்கத்தில் 2019 பிப்ரவரியில் ‘பவிஷ்யதேர் பூத்’ படத்துக்கு இதுதான் நடந்தது. வெளியான மறுநாளே திரையரங்குகள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன, தடை உத்தரவு என்று ஒரு தாளும் கிடையாது. போலீஸ் முன்கூட்டியே படத்தைப் போட்டுக்காட்டும்படி கேட்டு அனுப்பிய கடிதம் மட்டும் தயாரிப்பாளர் கையில் இருந்தது. அந்தக் கடிதம் வழக்கில் பெரிய சாட்சியானது. ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. போலீஸ் கேட்டால் வாயால் பதில் சொல்லாதீர்கள், ‘எழுத்தில் தாருங்கள்’ என்று கேளுங்கள்.

எஃப்ஐஆர் விஷயம். 295ஏ இப்போது பிஎன்எஸ் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 299, பிரிவினரிடையே பகை வளர்ப்பதற்கான 153ஏ இப்போது 196. இரண்டுக்கும் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால் உடனே கைது என்பது விதி கிடையாது. பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், நோட்டீசுக்கு ஒழுங்காக ஆஜரானால் கைதுக்குத் தனிக் காரணம் எழுத வேண்டும். இரண்டாவது, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்தில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் கொடுக்கிறது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடியின் கவிதை வழக்கில், பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் இந்த விசாரணையை நடத்துவதே முறை என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சொற்களின் விளைவை உறுதியான, துணிவுள்ள மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீன மனத்தை அளவுகோலாக்கக் கூடாது என்றும் சொன்னது. மூன்றாவது, 299க்கும் 196க்கும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது (பிஎன்எஸ்எஸ் 217). எஃப்ஐஆர் போட அனுமதி வேண்டாம், அது மட்டும் நினைவிருக்கட்டும். பல வழக்குகள் இந்த அனுமதிக் கட்டத்தில்தான் வருஷக்கணக்கில் தொங்கும். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் இடைஞ்சலாக நிற்கும். அதனால் பிஎன்எஸ்எஸ் 528இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடத் தயங்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் ‘ஜெய் பீம்’ குழு மீதான எஃப்ஐஆரை உயர் நீதிமன்றம் இப்படித்தான் ரத்து செய்தது.

இன்னொன்று, எதிர்த்தரப்பு சிவில் கோர்ட்டில் போய் ஒருதலையாக இடைக்காலத் தடை வாங்குவது. இதற்கு கேவியட் மனு, அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்பே போடும் மனு. 90 நாள் செல்லும். ரிலீஸ் தேதி தள்ளிப்போனால் கேவியட்டும் காலாவதியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 2: எடிட் டேபிள்

மேலே தோழர் நீதிமன்றப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் படத்தின் உள்ளே போகிறேன். சமரசம் செய்து ஒரு காட்சியை எடுப்பது என்றால் டைம்லைனில் வெட்டிவிட்டு அனுப்புவது என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் குற்றமே உங்கள் மேல் வந்துவிடும்.

சான்றிதழ் என்பது குறிப்பிட்ட நீளமுள்ள, குறிப்பிட்ட படிமத்துக்குக் கொடுத்தது. வாரியம் சொன்ன வெட்டுகள் அதன் இரண்டாம் பாகத்தில் வரிசையாக இருக்கும். எங்கே, எத்தனை நொடி, நீக்கமா, மியூட்டா, மாற்றுக்காட்சியா என்று எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லை மியூட் செய்தாலும் வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் மேற்குறிப்பு வாங்க வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் இல்லாத படத்தைத் திரையிட்டதாகிவிடும், சினிமாட்டோகிராஃப் சட்டம் 7ஆம் பிரிவு பாயும். 2025இல் மலையாளப் படமான ‘எம்புரான்’ குழு வெளியான பிறகு 24 இடங்களில் வெட்டியபோதும் வாரியத்திடம் போய்த்தான் வந்தது. ஆகவே பேச்சுவார்த்தை மேசையில் ‘இன்று இரவுக்குள் எடுத்துவிடுகிறோம்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. அது உங்கள் கையில் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கும் இது பெரும்பாலும் தெரியாது, சட்டப் பிரிவைச் சொல்லி விளக்கினால் அந்த ராத்திரி நெருக்கடி அங்கேயே தளரும்.

அடுத்தது தொழில்நுட்பம். மேற்குறிப்பு வந்த பிறகு புது டிசிபி (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் படக் கோப்பு) முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. மாறிய ரீல்களை மட்டும் வைத்து வெர்ஷன் ஃபைல் செய்யலாம். அது பழைய டிசிபியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓடும், அளவும் சிறியது. ஆனால் அதற்குப் புது சிபிஎல் (எந்த ரீல் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்ற பட்டியல்), ஒவ்வொரு திரைக்கும் புது கேடிஎம் (படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி) வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. பழைய கேடிஎம் இன்னும் உயிரோடு இருக்கும், ஆபரேட்டர் பிளேலிஸ்ட்டில் பழைய பெயரையே இழுத்துப் போட்டுவிடுவார். எடுத்ததாகச் சொன்ன காட்சி மதியக் காட்சியில் ஓடும், யாரோ மொபைலில் பிடித்துப் போடுவார்கள், மறுபடி தீ. பழைய கேடிஎம்மை முடிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சர்வரிலிருந்து பழைய சிபிஎல்லை நீக்கியதாக ஒவ்வொரு தியேட்டரிலிருந்தும் பதில் வாங்குங்கள். புதுக் கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்தால் ஆபரேட்டருக்குக் குழப்பம் வராது.

சான்றிதழ் கட்டத்திலேயே தகராறு வந்தால் வழி இதுதான். பரிசோதனைக் குழு சொன்ன வெட்டு ஏற்கவில்லையென்றால் மறுசீராய்வுக் குழு. அதுவும் சரிப்படவில்லையென்றால் முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது சினிமாட்டோகிராஃப் சட்டம் 5சி பிரிவின் கீழ் நேராக உயர் நீதிமன்றம், முப்பது நாளுக்குள். தீர்ப்பாயம் போனது சிறு படங்களுக்குப் பெரிய அடி. அங்கே படத்தைத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துப் பேசினார்கள். செலவும் குறைவு. இப்போது நூற்றுக்கணக்கான வழக்குகளுக்கு நடுவே ஒரு எண்ணாகக் காத்திருக்க வேண்டும். அதனாலேயே பலர் ‘வெட்டிக்கொள்ளுங்கள் சார்’ என்று முதல் குழுவிலேயே தலையாட்டிவிடுகிறார்கள். புள்ளிவிவரத்தில் வராத தணிக்கை இது.

வெட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழுக்குள் (சிறுவர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற வகை) 7+, 13+, 16+ என்று மூன்று படி இருக்கிறது. குழு ஒரு வசனத்தை நீக்கச் சொன்னால், ‘16+ கொடுங்கள், வசனம் இருக்கட்டும்’ என்று எழுத்தில் கேட்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் 1991 வழிகாட்டு நெறிகளில் எந்த நெறி என்று காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படத்தை முழுமையாக, அதன் மொத்த விளைவை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதே நெறிகள் சொல்கின்றன. தனி ஃபிரேமைப் பிடித்துத் தொங்கும்போது அந்த வரியைத்தான் காட்ட வேண்டும்.

ஃபிரேம் என்றதும் ஒரு விஷயம். ‘ஜெய் பீம்’ சர்ச்சையில் பெரிதாக வெடித்தது ஒரு சுவர்க் காலண்டர். கொடூரமான காவல் அதிகாரியின் வீட்டில், சில நொடி பின்னணியில் அக்னி குண்டம் படம் போட்ட காலண்டர் தெரிந்தது. சாதியை அது சுட்டுகிறது என்று புகார் வந்ததும் அதே இடத்தில் லட்சுமி படக் காலண்டரை மாற்றிவைத்தார்கள். ஓடிடி என்பதால் சில நாளில் முடிந்தது, தியேட்டர் படமாக இருந்தால் மேலே சொன்ன அத்தனை படியும் ஏற வேண்டியிருந்திருக்கும். கலை இயக்குநர் செட்டுக்குள் வைக்கும் ஒவ்வொரு காலண்டர், கொடி, கயிறு, வண்டி நம்பர் பிளேட், சுவரெழுத்து எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, ‘இது வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா’ என்று இயக்குநரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேண்டுமென்றே வைத்ததென்றால் கடைசிவரை நில்லுங்கள். தற்செயலென்றால் படப்பிடிப்பிலேயே கழற்றுங்கள். சர்ச்சை வரக்கூடாது என்று எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொல்லவில்லை. எதற்காகச் சண்டை போடப்போகிறோம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஓடிடிக்கு வாரியச் சான்றிதழ் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் புகாருக்கு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் சுயஒழுங்கு அமைப்பு. இந்தப் படிகள் எதுவும் ஏறாமலே ‘அன்னபூரணி’ 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறக்கப்பட்டது. ஓடிடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, படத்தை நீக்கவோ மாற்றவோ இயக்குநரின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்ற வரியைச் சேர்க்கப் பாருங்கள். கிடைப்பது கஷ்டம். குறைந்தபட்சம் ஏழு நாள் முன்னறிவிப்பு என்ற வரியாவது வேண்டும்.

பதில் 3: அச்சுக்கோப்பு

இரண்டு தோழர்களும் படத்தைப் பேசினார்கள். புத்தகத்துக்கு முன் தணிக்கை கிடையாது. அதனாலேயே நெருக்கடி முழுவதும் ஊரிலும் தாலுகா ஆபீசிலும் நடக்கிறது. அமைதிப் பேச்சுவார்த்தை பற்றிய உங்கள் கேள்விக்கு நாமக்கல்லை விடச் சிறந்த பாடம் இல்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010 டிசம்பரில் வந்தது. நான்கு வருஷம் தமிழில் படிக்கப்பட்டது, ஊரில் சத்தம் இல்லை. 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பிரதிகள் எரிக்கப்பட்டன. முழு நாவலையும் யாரும் சுமந்து திரியவில்லை, சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் கொடுத்தார்கள். குழந்தையில்லாத பொன்னாவும் காளியும் படும் அவமானம், அவர்களுக்குள் இருக்கும் பிரியம், ஊர் வாய், சடங்குச் செலவு எல்லாம் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. அது நகலில் வராது. புண்படுதலை உருவாக்கும் முறை இதுதான், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு. 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் பேச்சு. நிபந்தனையற்ற வருத்தம், சர்ச்சைப் பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிய தாளில் ஆசிரியர் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, புத்தகத்துக்கு ஒரு நாள் கூட அரசுத் தடை கிடையாது. தடை என்றால் பிஎன்எஸ்எஸ் 98இன் கீழ் (அப்போது 95) அரசிதழில் காரணத்தோடு அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு முன் எதிர்க்கலாம் (99). சட்டத்தில் இவ்வளவு கறாரான வழி இருக்கும்போது, எந்தப் பிரிவும் இல்லாத ஒரு தாள் அத்தனையையும் தாண்டிப் போய்விட்டது. எழுதுகிறவரின் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. இதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச.தமிழ்ச்செல்வன் வழக்குப் போட்டார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு அந்த 12.1.2015 உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடு, படிக்கக் கட்டாயம் இல்லை என்றது. ஆசிரியரை மீண்டும் எழுதச் சொன்னது. இப்படிப்பட்ட சர்ச்சைகளில் கருத்துச் சொல்லக் கலை இலக்கியம் தெரிந்தவர்கள் கொண்ட நிபுணர் குழு அமைக்க வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. வருவாய் அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ பிரச்சினை வந்தால் இந்தத் தீர்ப்பின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். நாற்பது பக்கம் பேசுவதை அது செய்யும்.

நடைமுறைக்கு வருகிறேன். கூப்பிட்டால் ‘எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அழைக்கிறீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பிரிவு இல்லாத அழைப்புக்குப் போக வேண்டிய கடமை இல்லை. ஆனால் போகாமல் இருந்தால் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதுவார்கள். அதனால் பதில் கடிதம் கொடுத்தனுப்புங்கள், அல்லது வக்கீலோடு போங்கள். தனியாகப் போகக் கூடாது, குடும்பத்தாரை அழைத்துப் போகக் கூடாது. எதிர்த்தரப்பைத் தனி அறையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். வெளியே நூறு பேர் கோஷம் போடும்போது நடக்கும் பேச்சு சம்மதம் ஆகாது. அந்த ஆட்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நீதிமன்றத்தில் அதுவே உங்கள் வாதம். முன்பே டைப் செய்துவைத்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் நகல் கேளுங்கள், ‘வக்கீலிடம் காட்டி நாளை பதில்’ என்று சொல்லுங்கள். போட்டே ஆக வேண்டிய நிலையானால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘நிர்ப்பந்தத்தின் பேரில்’ என்று தேதி, நேரத்தோடு எழுதுங்கள். மறுநாளே எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் விலக்கல் கடிதம் போக வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் சம்மதம் போலத் தோன்றும்.

பதிப்பாளருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியர் பயத்தில் ‘பிரதிகளை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னாலும் உடனே குடோனிலிருந்து எடுத்து அழித்துவிடாதீர்கள். விற்பனையை நிறுத்திவைப்பது வேறு, அழிப்பது வேறு. வழக்கு ஜெயித்த அன்று கடையில் வைக்கப் பிரதி இருக்க வேண்டும்.

தெருக்கூத்து ஆர்வலர்

மூவருக்கும் நன்றி. நாடகம் பற்றி யாராவது சொல்லுங்கள். போலீசார் பிரதி கேட்கிறார்கள் என்று இன்னமும் குழுக்கள் சொல்கின்றன. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எல்லாப் புண்படுதலும் பொய் என்று எழுதிவிட முடியுமா? ஒடுக்கப்பட்டவர்கள் எழுப்பும் எதிர்ப்பும் இருக்கிறதே.

பதில் 4: மேடை விளக்கு

தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954 என்று ஒன்று இருந்தது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து வந்த சட்டம். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே பிரதியைக் காட்டி ‘அனுமதி’ வாங்க வேண்டியதில்லை. ஆனால் இடத்துக்கும், ஒலிபெருக்கிக்கும், பொதுச் சாலையில் கூடுவதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. பிரதியைக் கேட்பது அந்த மனுவோடு சேர்த்துத்தான் நடக்கிறது. மனுவில் நாடகத்தின் பெயர், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி விவரம் மட்டும் எழுதுங்கள். கதைச் சுருக்கம் சேர்க்காதீர்கள். காவல் நிலையத்தில் பிரதி கேட்டால் ஞாநி வழக்குத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அரங்க உரிமையாளர் பின்வாங்குவதுதான் அதிகம். முன்பணம் கட்டும்போதே, அரசின் எழுத்து உத்தரவு இல்லாமல் ரத்து செய்தால் பணமும் விளம்பரச் செலவும் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ரசீதில் இருக்கட்டும். மேடையை உடைத்தால் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 1992இன் கீழ் புகார் கொடுக்கலாம். கலை நிகழ்ச்சிகள் மீதான கும்பல் வன்முறைக்கு என்றே 2018இல் கொடுங்கல்லூர் ஃபிலிம் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருக்கிறது, அதையும் கடிதத்தில் சுட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. எதிர்ப்புத் தெரிவிப்பதும் கருத்துச் சுதந்திரம்தான். துண்டறிக்கை, விமர்சனம், அரங்குக்கு வெளியே அமைதியான ஆர்ப்பாட்டம், பார்க்காதீர்கள் என்ற பிரசாரம் எல்லாம் உரிமை. அந்த 1989 வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறை சொன்னது. எதிர்த்தவர்கள் சமூகநீதியின் பக்கம் நின்றவர்கள், அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. படம் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் படம் ஓட வேண்டும் என்ற தீர்ப்பு சரி. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் பிறகு வந்த சாதி எதிர்ப்புப் படங்களைக் காப்பாற்றக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. கோரிக்கை ‘எங்கள் பதிலைக் கேள்’ என்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ‘இனி யாரும் கேட்கக் கூடாது’ என்று மாறும்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நபரைச் சாதிப் பெயரால் இழிவுசெய்வதும், ஒரு சமூகத்தைத் தாக்கத் தூண்டுவதும் வேறு. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிஎன்எஸ் 196உம் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

குழுவுக்குள் ஒரு வேலை செய்யுங்கள். எதிர்ப்பு வந்த அன்றே மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வையுங்கள். எதிர்ப்பவர் படைப்பை முழுதாகப் பார்த்தாரா, படித்தாரா? எந்த வரி, எந்தக் காட்சி என்று சொல்கிறாரா? அவர் கேட்பது விளக்கமா, நீக்கமா, தடையா? முழுதாகப் படித்துவிட்டு, வரியைக் காட்டி, விளக்கம் கேட்டு வந்தவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பொது விவாதத்தை நீங்களே நடத்துங்கள், அதை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். மற்றவர்களுக்குப் பதில் சொல்ல மேலே மூன்று தோழர்கள் எழுதிய காகிதங்கள் இருக்கின்றன.

வழிகாட்டியில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். மாவட்டவாரியாக, இரவு ஒன்பது மணிக்கும் போன் எடுக்கும் ஒரு வக்கீல் எண்ணை ஒவ்வொரு குழுவும் எழுதிக்கொள்ள அங்கே ஒரு கட்டம் போடுங்கள்.